ஒரு நம்பர், ஒரு ஆள்

தேடும் கட்டத்தில் கணவனின் கைபேசி எண்ணை அடித்தாள். முபீனா என்று வந்தது.

மறுபடி அடித்தாள். மறுபடியும் முபீனாதான்.

காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை இது. யாரும் சொல்லி வைத்த வேலை இல்லை. மாசிலாமணி என்று அவன் பெயர் திரையில் வரும். கொஞ்சம் பார்ப்பாள். பிறகு ஆதரவாளர் பட்டியலில் அன்றைக்கு உள்ள வேலையைத் தொடங்குவாள்.

இன்று அந்தப் பெயர் இல்லை.

பெயருக்குக் கீழே இருந்ததெல்லாம் அவன் செய்தவை. ரயில்வே கேட்டுக்கு அடியில் சுரங்கப்பாதை வேண்டும் என்று இவர்களுடைய இயக்கம் ஆன்லைனில் போட்ட மனுவில் முதல் கையெழுத்து. கலெக்டருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள். மழையில் நனைந்துகொண்டு நின்ற மனிதச் சங்கிலி. எல்லாம் அப்படியே இருந்தன. செய்தவர் மட்டும் முபீனா.

காரணம் அவளுக்கு உடனே புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

மென்பொருள் வாங்கிய புதிதில் அவள் அடம்பிடித்து வைத்த விதி அது. ஆன்லைனில் கையெழுத்துப் போடுகிற மகராசன்கள் ஒரு நாள் முழுப்பெயர் தருவார்கள், மறுநாள் செல்லப்பெயர் தருவார்கள். ஒரே ஆள் மூன்று பேராக நிற்பார். எண்ணிக்கை ஊதிப்போகும், கலெக்டர் அலுவலகத்தில் சிரிப்பார்கள். அதனால் பெயரை நம்பாதே, எண்ணை நம்பு.

"ஒரு நம்பர், ஒரு ஆள். பேரு மாறும், நம்பர் மாறாது" என்று கூட்டத்தில் மேஜையைத் தட்டிச் சொன்னாள்.

பலமாகக் கைதட்டியது அவன்தான்.

அவன் போன பிறகு அந்த சிம்முக்கு அவள் ரீசார்ஜ் செய்யவில்லை. மறக்கவில்லை. செய்யத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கம்பெனிக்காரன் எண்ணை எடுத்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். அந்த யாரோ நல்ல மனசுக்காரி. புது போன் வாங்கிய கையோடு சுரங்கப்பாதைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எண் ஒன்றுதான் என்பதால் மென்பொருள் இருவரையும் ஒரே ஆளாக்கி, புதுப் பெயரை வைத்துக்கொண்டது.

பக்கத்து மேஜை ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். பட்டியலை இவளோடு சேர்ந்து கவனிக்கிற பெண்.

"அண்ணனைத் தனியாப் பிரிச்சிடலாம்க்கா. புதுசா ஒரு பதிவு போட்டாப் போதும்."

போதும்தான்.

புதுப் பதிவைத் திறந்தாள். பெயர் அடித்தாள். அவன் செய்தவற்றை முபீனாவிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாற்றினாள். முபீனாவுக்கு அவளுடைய சொந்தக் கையெழுத்து மிஞ்சியது.

கைபேசி எண்ணுக்கான இடம் காலியாக இருந்தது. எண் இல்லையென்றால் திரை காரணம் கேட்கும், மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். எண் மாறிவிட்டது. தர விருப்பமில்லை. இறந்துவிட்டார்.

எதைத் தொட்டாலும் அந்தக் கையெழுத்து மனுவில் சேராது. எண் இல்லாத ஆள் ஆளே இல்லை. அதுவும் அவள் வைத்த விதிதான்.

நாளை மனு கலெக்டர் கைக்குப் போகிறது.

அன்று அந்த ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்தான் ஆம்புலன்ஸ் நின்றது. அவன் கை அவள் கைக்குள் இருந்தது. சரக்கு ரயில் ஒன்று நிதானமாகப் போனது. கேட் திறந்தபோது அவசரம் எதுவும் இருக்கவில்லை.

அவன் கையெழுத்து இல்லாமல் அந்த மனு போகக் கூடாது. இதை மட்டும் அவள் விரும்பினாள். வேறு எதையும் விரும்பி ரொம்ப நாளாகிறது.

அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. விரல்கள் மட்டும் வேலை செய்தன.

காலி இடத்தில் தன் எண்ணை அடித்தாள்.

இந்த எண்ணில் ஏற்கனவே ஒருவர் இருக்கிறார் என்றது திரை. இருவரையும் ஒன்றாக்கலாமா?

ஆம்.

எந்தப் பெயர் நிற்கட்டும்?

இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கல்யாணப் பத்திரிகையில் அப்படிப் பார்த்தது.

அவன் பெயரைத் தொட்டாள்.

சாயங்காலம் மனுவைக் கடைசியாகச் சரிபார்த்த ஸ்டெல்லா திரும்பினாள்.

"அக்கா, உங்க கையெழுத்தைக் காணோமே?"

"எங்க வீட்டுக்கு ஒண்ணு இருக்கு, பாரு."

ஸ்டெல்லா பார்த்தாள். ஆதரவாளர்கள் எல்லோருக்கும் போக வேண்டிய குறுஞ்செய்தியை அனுப்ப உட்கார்ந்தாள்.

அந்தச் செய்தி வந்தபோது இவள் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இருந்தாள். கேட் போட்டிருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போனார். கைப்பையில் போன் அதிர்ந்தது.

வணக்கம் மாசிலாமணி. நாளை காலை மனுவோடு கலெக்டர் அலுவலகம் போகிறோம். வருகிறீர்களா? வருவதாக இருந்தால் 1 என்று பதில் அனுப்புங்கள்.

இந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

ரயில் வருகிறதா என்று எல்லோரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் 1 என்று அனுப்பினாள்.