தாங்குகிற கம்பி

அந்தப் பைக்கின் டேங்குக்கு அடியில் ஒரு வயர் தோலுரிந்து, இரும்புச் சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. அது உரசும்போதெல்லாம் ஃபியூஸ் தன்னை எரித்துக்கொண்டு மின்சாரத்தை நிறுத்தியது, வண்டியும் நின்றது.

"எனக்கு முன்னால வந்தவங்களும் இப்படித்தான் எரிஞ்சாங்க. வயரைக் கவனிங்கப்பா," என்று கெஞ்சியது புது ஃபியூஸ்.

"எனக்கென்ன குறை? உனக்குத்தான் தாங்கற தெம்பில்ல," என்றது வயர். பேட்டரியும் அதையே சொன்னது.

அந்த ஃபியூஸும் எரிந்தபோது வண்டிக்காரர் சலித்துப்போய், அந்த இடத்தில் ஒரு செம்புக் கம்பியைச் சொருகினார்.

"நீயாவது தாங்குவியா?" என்று கேட்டது பேட்டரி.

"என்ன வந்தாலும் தாங்குவேண்ணே," என்றது கம்பி.

"இவன்தான் நம்ம ஆளு," என்றது வயர்.

மறுநாள் வயர் மறுபடி உரசி, பழுக்கக் காய்ந்தது. கம்பி சொன்ன சொல் தவறவில்லை. நடுரோட்டில் வண்டி எரிந்து அடங்கியபோது, சாம்பலில் கம்பி மட்டும் முழுசாகக் கிடந்தது.