சாக்லேட் புதினா டீ

“அவங்களுக்கும் ஒரு கப் ஊத்துங்க” என்றேன். அதை மட்டும் அந்த வீட்டில் கேட்டுவிடாதே என்று காலையிலேயே எங்கள் வீட்டில் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

ட்ரேயோடு நின்ற வேலைக்காரம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

எனக்கு மாமியாராகப் போகிறவர் சிரித்தார். “அவளுக்கு இதெல்லாம் பிடிக்காதும்மா. நீ குடி. சாக்லேட் புதினா, நம்ம தோட்டத்துது. கிள்ளக் கிள்ளத்தான் தழையும். தரையில விட்டா தோட்டத்தையே வளைச்சிடும், அதான் தொட்டியில வச்சிருக்கோம்.”

“யார் கிள்றது?”

“அவதான். நல்ல கைராசி.”

“ஒரு டீதானே, விடேன்” என்று என்னிடம் முணுமுணுத்தான், என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவன்.

“படிச்ச பொண்ணு, இவனுக்கும் பிடிச்சிருக்கு, சரின்னுட்டேன். நான் வித்தியாசம் பாக்குறவ இல்ல” என்றார் அவர். “கல்யாணத்துக்கு அப்புறமும் உங்கம்மா வழக்கம்போல வேலைக்கு வரட்டும். இந்தச் செடிய வேற யாரு பாத்துப்பா?”

எனக்குக் கோபம்கூட வரவில்லை. புதினாக் குளிர்ச்சியில் நாக்கு மரத்துக் கிடந்தது. எழுந்து, அம்மா கையிலிருந்த ட்ரேயை வாங்கி அவன் மடியில் வைத்தேன்.

“வாம்மா, போகலாம்.”

அம்மா பழக்கத்தில் பின்வாசல் பக்கம் திரும்பினாள். கையைப் பிடித்து, முன்வாசல் வழியாக இறங்கினேன்.