நடுவில் நின்றவர்

எங்கள் கல்யாண மேடையில் கவுன்சிலர் எனக்கும் யாழினிக்கும் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அந்த ஒரே காரணத்துக்காக, அடுத்து வந்த தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவருக்கு அவள் ஓட்டுப் போட்டாள். எதிராளியின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. “அந்தாளு தோக்கணும், அவ்ளோதான்” என்றாள். கவுன்சிலர்தான் ஜெயித்தார்.

இந்த முறை அவள் இல்லை. போன வாரம் அவர் ஓட்டுக் கேட்டு வந்தார். கட்சிக்காரர்களை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, மாலை போட்டிருந்த அவள் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார்.

“தம்பி, அன்னிக்கு போட்டோ எடுக்கறப்ப பாப்பா என் கால மிதிச்சிருச்சு. தெரியாம மிதிச்சிருக்கும்னு நெனச்சேன். மறுபடியும் மிதிச்சுச்சு.”

இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நல்ல மனிதர்தான். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. பல மாதங்களாக யார்மேலும் இல்லை.

இன்று வாக்குச்சாவடியில் அவரை எதிர்த்து நிற்பவரின் பொத்தானை அழுத்தினேன். பீப் சத்தம் நீளமாக ஒலித்து நின்றது.

“சார், ஓட்டு விழுந்துருச்சு, வாங்க” என்றார் தேர்தல் அலுவலர்.

“ஒரு நிமிஷம் மேடம்” என்றேன். விரலை எடுக்க மனம் வரவில்லை.