டேப் பிரித்த விரல்

தங்கை இறந்து மூன்று வருடமாகிறது. ஆனாலும் இதோ, என் நினைவில் எண்பது ரன் அடித்துவிட்டு உடைமாற்றும் அறைக்குள் வருகிறாள். கையுறையைக் கழற்றினால் ஆள்காட்டி விரல் கத்திரிக்காயாக வீங்கியிருக்கிறது. இறுதிப் போட்டி, சற்று நேரத்தில் முதல் ஓவரை அவள்தான் வீச வேண்டும். அணியின் பிசியோவான நான் விரலுக்கு டேப் சுற்றுகிறேன். “பிரிச்சிடுக்கா. பந்து போடுற கையில டேப் இருந்தா அம்பயர் விடமாட்டார்.” “உயிர் போற மாதிரி வலிக்குமேடி!” “வலிக்கிறது பேட் புடிச்சவளுக்கு. நான் பௌலர்” என்று கண்ணடிக்கிறாள். பிரிக்கிறேன். ஜன்னல் வழியே பார்க்கிறேன்: வெயிலுக்குள் ஓடி வருகிறாள், கை சுழல்கிறது, நடு ஸ்டம்ப் மண்ணை விட்டு எழுந்து புரள்கிறது. அரங்கமே அலறுகிறது. அவள் மட்டும் என் ஜன்னலைப் பார்த்து அந்த விரலை உயர்த்திக் காட்டுகிறாள். பிரித்தெடுத்த டேப் என் உள்ளங்கையில் இன்னும் அவள் சூட்டோடு இருக்கிறது.