வெள்ளைக்காரக் கல்லறை

"ஏனுங்க, வெள்ளைக்காரன் மூட்டை கட்டி இருவத்தஞ்சு வருசமாச்சு. இன்னும் அவன் கல்லறைக்குப் பூ வெக்கிறீங்களே, வெக்கமா இல்லீங்களா?"

படகுக்காரர் செல்லையா செவப்புப் பூவைக் கல்லு மேல வெச்சுட்டு ஒதுங்கி நின்னாரு.

வேலுமணிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஊட்டிக்குக் கீழ, அணைத் தண்ணிக்கு நடுவுல குட்டித் தீவு. அணை வர்றதுக்கு முன்னால அது குன்னு. காரு இல்ல, பஸ்ஸு இல்ல, குருவி கத்துனாத்தான் சத்தம். காலேஜ் பசங்களோட வந்த வேலுமணி காலையிலிருந்து கேள்வியாக் கேட்டுத் தொளைச்சான். இடிஞ்ச பங்களாவுல யாரு இருந்தாங்க? கெணறு எத்தனை ஆழம்? இந்த மரத்துக்கு என்ன பேரு? சிலோன் தேயிலைத் தோட்டத்துலேருந்து திரும்பி வந்த செல்லையா எல்லாத்துக்கும் பதில் சொன்னாரு. இது ஒண்ணுக்குத்தான் ஊமையாயிட்டாரு.

"சிலோன்ல தொரைமாருக்குக் கும்புடு போட்ட பழக்கம். கடல் தாண்டியும் போகல!"

"டேய், சும்மா இருடா," கூட வந்த நல்லசாமி அவன் சட்டையைப் புடிச்சு இழுத்தான். "அவரு படகை எடுத்துட்டுப் போயிட்டா நீந்தியா ஊடு போய்ச் சேருவே?"

"போகட்டும்! அரசாங்கச் சம்பளம் வாங்கிட்டுத் தொரைக்குப் பூசையா? ஆபீசருக்கு மனு எழுதறேன். எல்லாரும் கையெழுத்துப் போடுங்கடா."

செல்லையா மொகம் செத்துப்போச்சு. "தம்பி, மூணு வருசம் கூலிக்கு அலைஞ்சு இப்பத்தான் கெடைச்ச வேலை. அதுவும் டெம்ப்ரவரி."

"பூ வெக்கும்போது அது தெரியலீங்களா? எந்தத் தொரை இவன்? பேரைச் சொல்லுங்க, மனுவுல எழுதணும்."

வேலுமணியே குனிஞ்சு, பேனா மூடியால பாசியைச் சொரண்டுனான். இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு.

எமிலி. வயசு மூணு. 1869.

வேலுமணி கையி அப்படியே நின்னுபோச்சு.

"தொரை இல்ல தம்பி, பச்சப்புள்ள," செல்லையா மெதுவாச் சொன்னாரு. "பெத்தவங்க விட்டுட்டுக் கப்பலேறிட்டாங்க."

"அதுக்கு நீங்க ஏனுங்க..."

"எங்க புள்ளைக்கும் மூணு வயசுதான். சிலோன்ல, அப்புத்தளையில, நாங்க குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால, தேயிலைக்குள்ள கெடக்கு. பாஸ்போர்ட்டுல செத்த புள்ளைக்கு எடமில்லையே. நாங்களும் விட்டுட்டுக் கப்பலேறிட்டோம்."

செல்லையா படகுக் கயித்தை அவுத்தாரு.

"மனுவை எழுதுங்க தம்பி. எனக்குப் பதிலா வர்ற ஆளு இதுக்கு ஒரு பூ வெக்கணும்னு மட்டும் அதுல சேத்துருங்க. இங்க பூ விட்டுப்போனா, அங்க எங்க புள்ளைக்கு யாரோ வெக்கிற பூவும் விட்டுப்போயிரும்."