அடுத்த கோடைப் பழம்

காரை விட்டு இறங்கிய க்ளெனிஸ் கதவைச் சாத்த மறந்தாள்.

ராஸ்பெர்ரி வரிசை இரண்டையும் காணோம். கம்பங்கள் நின்றன. அவற்றுக்கிடையே இழுத்துக் கட்டிய கம்பிகள் இருந்தன. கம்பிகளில் ஒரு தண்டுகூட இல்லை. எல்லாம் கணுக்கால் உயரத்துக்கு வெட்டப்பட்டு, உறைபனி விலகாத மண்ணில் மொட்டை மொட்டையாகத் துருத்திக்கொண்டிருந்தன.

அவள் கணவன் மெர்வின் முதுகைக் காட்டிக் குந்தியிருந்து, வெட்டிய தண்டுகளைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

சிக்னெட் கடைத்தெருவுக்குப் போய் ரொட்டியும் இறைச்சியும் வாங்கி வருவதற்குள் இதைச் செய்திருக்கிறான்.

க்ளெனிஸ் கட்டு ஒன்றிலிருந்து ஒரு கைப்பிடி தண்டை உருவிப் பார்த்தாள். பழுப்பேறிய வழவழப்பான தோல். கணுவுக்குக் கணு மொட்டு.

உலகின் தென்கோடியான அங்கே ஜூலை குளிர்காலம், டிசம்பர் கோடை. ராஸ்பெர்ரித் தண்டுக்கு ஆயுசு இரண்டு வருஷம். முதல் வருஷம் வளரும், குளிரைத் தாங்கி நிற்கும், மறு கோடையில் காய்த்துவிட்டுச் செத்துப்போகும். காய்த்து முடித்த கிழத் தண்டுகளையெல்லாம் அவளே மார்ச்சில் வெட்டி எரித்துவிட்டாள். மிச்சம் நின்றது முழுக்க இளசு.

"தலைக்குள்ள என்ன சாணியா வெச்சிருக்க? இது அத்தனையும் இந்த டிசம்பர்ல காய்க்க வேண்டியது."

அவன் திரும்பவில்லை. அதுதான் எரிகிற கொள்ளியில் எண்ணெய் விட்டது.

கண்ணிருந்தும் குருடன் என்றாள். நாய்க்குக் கத்தரியைக் கொடுத்திருந்தால்கூட நாலு தண்டை விட்டுவைத்திருக்கும் என்றாள். கேட்காமல் கொள்ளாமல் என் பொருளில் கை வைப்பதே உனக்குப் பிழைப்பாகிவிட்டது என்றாள். வேலிக்கு அப்பால் ஆடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, காதில் எதுவும் விழாதவர்போல் மறுபடி குனிந்துகொண்டார்.

தண்டுகளை இறுக்கிப் பிடித்திருந்ததில் பொடிமுள் உள்ளங்கையில் ஏறியது. அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பழம் கிடையாது. ஜாம் கிடையாது. விடியலில் ஈரக்காலோடு வரிசைக்குள் நுழைந்து, பறவைகள் விழிப்பதற்கு முன்னால் முதல் பழத்தை வாயில் போட்டுக்கொள்வது கிடையாது. இந்த வீட்டில் அவளுக்கென்று இருந்ததே அந்த ஒரு வேளைதான்.

மெர்வின் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தான்.

"விடு க்ளென். வேர் அப்படியேதான் இருக்கு. புதுசா முளைச்சு, அடுத்த வருஷக் கோடையில மொத்தமும் காய்க்கும்."

பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"அதுவரைக்கும் இருப்ப இல்ல?"

க்ளெனிஸ் கையிலிருந்த தண்டுகளைக் கீழே போட்டாள்.

போன வியாழக்கிழமை அவள் பெர்னி ஊரிலிருக்கும் அக்கா லொரேனோடு தொலைபேசியில் பேசியிருந்தாள். இந்தக் கோடைப் பழத்தைப் பறித்து முடித்ததும் உன் வீட்டுக்கே வந்துவிடுகிறேன், இனி இவனோடு ஆகாது, இவனிடம் இன்னும் சொல்லவில்லை என்றாள். மெர்வின் கொட்டகையில் இருக்கிறான் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

க்ளெனிஸ் குனிந்து வெட்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒரே உயரம், ஒரே சாய்வு. தெரியாதவன் வெட்டு இல்லை இது.

அவன் பழத்தோட்டக்காரரின் மகன். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ராஸ்பெர்ரிக்குள் வளர்ந்தவன். எதை வெட்டுவது, எதை விடுவது என்று கல்யாணமான புதிதில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டிக்கொடுத்ததே அவன்தான்.

ஒருமுறை அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்து, முதல் நாள் போக வேண்டிய காலையில் கார் கிளம்பவில்லை. மறுநாளும் கிளம்பவில்லை. வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். லொரேன் ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போ என்று கூப்பிட்டபோதெல்லாம் அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தன் போதாத காலம் என்றே அதையெல்லாம் அவள் இத்தனை வருஷமாக நம்பியிருந்தாள்.

கோபம் போகவில்லை. கத்துவதற்கு மட்டும் இனி ஒன்றும் இல்லை.

கொட்டகைக்குப் போய் மண்வெட்டியையும் இரண்டு சாக்கையும் எடுத்து வந்தாள். சாக்கைத் தொட்டிக் குழாயில் நனைத்தாள். முதல் வரிசையின் முதல் மொட்டைக்குப் பக்கத்தில் மண்வெட்டியைப் போட்டு நெம்பினாள். மண்ணோடு வேர் முழுசாக வந்தது. அடியில் வெள்ளையாக முளைக்கண்கள்.

ஜூலையில் வேர் தூங்கும். இப்போது பெயர்த்தால் எங்கே கொண்டுபோய் நட்டாலும் பிடித்துக்கொள்ளும். பெயர்க்கும் முன் தண்டைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலையை மெர்வின் சுத்தமாக முடித்து வைத்திருந்தான்.

"என்ன பண்ற?" என்று கேட்டான்.

லொரேன் வீட்டுக் கொல்லையில் வெயில் நன்றாக விழும் என்றாள். இன்றைக்கே நட்டால் நல்லது என்றாள்.

க்ளெனிஸ் வேரைத் தூக்கினாள். அவள் ஒற்றைக் கையால் பிடித்த சாக்கின் வாய் மூடி மூடிக்கொண்டது. வேரை உள்ளே இறக்க அவளால் முடியவில்லை.

"சாக்கைப் பிடி" என்றாள்.

பிடித்தான்.