நீல வள்ளம்

சுஹைரா போட்டிக்காக இரண்டே நாளில் செய்த கணினி விளையாட்டில் வெற்றி தோல்வி கிடையாது. துறைமுகத்திலிருந்து வள்ளங்களைக் கடலில் விட்டு, அவை திரும்புவதைக் கரையில் நின்று பார்க்கலாம்.

விளையாடியவர்கள் எழுதியதைத் தோழி ரிப்கா வாசித்தாள். "நீல வள்ளம் மட்டும் திரும்பி வருதில்லயாம். பிழையெண்டு பத்துப் பேர் எழுதியிருக்காங்க. திருத்து புள்ள."

"பிழையில்ல. அது வராது."

"இஞ்ச பாரு, விளையாடுற ஆக்கள்ல ஒரு விசர் காலையிலிருந்து கரையிலேயே நிக்குது!" ரிப்கா சிரித்தாள்.

தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போன சுஹைரா வாசலிலேயே நின்றுவிட்டாள். அடுப்பு மூட்டவில்லை. உம்மாவின் கையிலிருந்த போனில் அதே விளையாட்டின் கரை தெரிந்தது.

"வாப்பாட வள்ளம்தானே மகள்? ஏழு வருசமாப் பாக்கிறன். இன்னும் கொஞ்சம் பாப்பம்."

சுஹைரா திரும்பி வந்து கணினி முன் உட்கார்ந்தாள்.

"நீ சொன்னது சரி ரிப்கா, பிழைதான். திருத்துறன்."